ஒரு முழம் ஹோஸும் பதினாறு நாள் அலைச்சலும்

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் புலம்பல், நிறைய கோபம். டிராக்டர், ஹைட்ராலிக், ஹோஸ்னு வர்றதால "நமக்கெதுக்கு இது"ன்னு நகர்ந்துடாதீங்க. புனே, பெங்களூர், தில்லின்னு பொட்டி தட்டிக்கிட்டும் டிசைன் போட்டுக்கிட்டும் இருக்கற நம்மில் பாதிப் பேருக்கு ஊரில் இன்னும் ஒரு துண்டு நிலமும், அதை ஓட்ட ஒரு பழைய வண்டியும் இருக்கு. அவங்களுக்காகத்தான் இது.

நான் இருப்பது புனே பக்கம், சாக்கன். எங்க வீட்டு ஓனரை எல்லாரும் காகான்னுதான் கூப்பிடுவோம். மராத்தியில் சித்தப்பா. வயசு அறுபத்தெட்டு. மஞ்சர் தாண்டி உள்ளே அவருக்கு நாலு ஏக்கர் கரிசல் நிலம். 1994 மாடல் டிராக்டர் ஒண்ணு வெச்சிருக்கார். கம்பெனி பேர் வேண்டாம். அதன் பின்னால் ஹைட்ராலிக்கில் திரும்பும் பல்ட்டி கலப்பை. வரப்புக்கு வந்ததும் லீவரைத் தள்ளினால் சிலிண்டர் கலப்பையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போடும், அடுத்த சால் பக்கத்துலயே விழும். மஹாராஷ்டிராவில் கோடை உழவுக்கு இது இல்லாத ஊர் குறைவு.

2025 மே முதல் வாரம். உழவு ஆரம்பிச்ச ரெண்டாம் மணி நேரத்தில் பின் வால்வுக்கு எண்ணெய் கொண்டு போகிற ஹோஸ் டப்புன்னு வெடிச்சுடுச்சு. மொத்த நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான் பொருள். காகாவுக்கு ஒரு நம்பிக்கை: மாடி வீட்டு மதராஸி மெக்கானிக்கல் இஞ்சினியர், கம்பெனியில் டிசைன் டிபார்ட்மெண்ட், இவனுக்குத் தெரியாத ஹோஸா? "சாஹேப், ஒரு நாள் வேலை"ன்னார். நானும் தலையை ஆட்டிட்டேன். தங்கமணி அப்பவே ஒரு பார்வை பார்த்தா. அதுக்கு அர்த்தம் எனக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது :-(

டீலர் படலம்

முதலில் டீலர். பழைய பார்ட் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "இது நின்னு போச்சு." மாற்று நம்பர் உண்டா? உண்டு. ஆனா தனி ஹோஸ் கிடையாது. வால்வு, பிராக்கெட், ரெண்டு ஹோஸ் எல்லாம் சேர்த்து ஒரு 'கிட்'. விலை பதினோராயிரத்துச் சொச்சம். அதுவும் ஆர்டர் போட்டு மூணு வாரம். காகாவின் வால்வு நல்லாத்தான் இருக்கு. செருப்பு வார் அறுந்தா காலையும் சேர்த்து மாத்திக்கோன்னு சொல்ற கதை.

சரி, ஹோஸ் விவரமாவது கொடுங்க, வெளியில் செஞ்சுக்கறேன்னு கேட்டேன். உள் விட்டம் எவ்வளவு, முனையில் என்ன மரை, எவ்வளவு அழுத்தம்? "அதெல்லாம் எங்களுக்கே வராது சார், எங்ககிட்ட பார்ட் நம்பர் மட்டும்தான்." அந்தப் பையன் பொய் சொல்லலை. அவனுக்கும் கொடுத்திருக்க மாட்டாங்க. என் சண்டை அவனோட இல்லை.

மரை படலம்

அடுத்து போசரியில் ஒரு ஹோஸ் கடை. ஜேசிபி புண்ணியத்தில் இப்ப ஹைவே ஓரமெல்லாம் கிரிம்பிங் மெஷின் வந்தாச்சு. பழைய ஹோஸைக் கொடுத்தா அதே மாதிரி அழுத்திக் கொடுப்பாங்க. கேட்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க.

ஹோஸ் மேல் வரி வரியாக விவரம் அச்சடிச்சிருக்கும். எந்தத் தரம், எத்தனை அழுத்தம், எப்போ செஞ்சது. முப்பது வருஷ வெயிலிலும் எண்ணெயிலும் அது என் காலேஜ் பாடம் மாதிரி சுத்தமா அழிஞ்சு போயிருந்தது. கடைக்காரர் அறுத்துப் பார்த்து 3/8 இஞ்ச்னார். உள்ளே கம்பி வலை ஒரு அடுக்கா ரெண்டு அடுக்கா? துருப்பிடிச்சுப் பிசுபிசுன்னு வந்தது, தெரியலை. இது சின்ன விஷயமில்லை. 3/8 இஞ்சில் ஒத்தைக் கம்பி வலை ஹோஸ் தாங்குவது 180 பார். இரட்டை வலை 330 பார். டிராக்டர் ஹைட்ராலிக்குகள் பொதுவா சுமார் 150லிருந்து 200 பாரில் வேலை செய்யும். உங்க கார் டயரில் இருக்கறது ரெண்டு பார் சொச்சம்தான், ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க. தெரியாத இடத்தில் பெருசே மேல்னு இரட்டை வலை வாங்கினேன்.

அடுத்து மரை. இங்கதான் நம்ம கதை நாறிப் போச்சு. ஹைட்ராலிக் மரைகள் ஒரு ஜாதி இல்லை. பிரிட்டிஷ் பைப் மரையான பி.எஸ்.பி. ஒண்ணு. அமெரிக்காவின் ஜே.ஐ.சி. ஒண்ணு, அதன் கூம்பு 37 டிகிரி. ஜெர்மன் வழி மெட்ரிக் ஒண்ணு, அதன் கூம்பு 24 டிகிரி. இது போக என்.பி.டி. வேற. பேரும் அளவும் ஒத்தே போகாது. அரை இஞ்ச் பி.எஸ்.பி. மரையை வெர்னியரில் அளந்தா கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும். அரை இஞ்ச் என்பதோ 12.7 மில்லிமீட்டர். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள் துவாரத்தை வெச்சு வைத்த பேர், இன்னும் நம்மள சுத்தல்ல விட்டுக்கிட்டிருக்கு.

கடைக்காரர் கண்ணால் பார்த்து 3/8 பி.எஸ்.பி. நட்டு போட்டார். எடுத்துக்கிட்டு மஞ்சர் போனேன். மாட்டினேன். ரெண்டு சுத்து ஜோராப் போச்சு. மூணாவதில் இறுகிடுச்சு. காகாவின் அண்ணன் மகன் ஸ்பானரை எடுத்து முக்கப் போனான், நல்லவேளை தடுத்தேன். ஊருக்குத் திரும்பி மரை கேஜ் வெச்சுப் பார்த்தா, வண்டியில் இருப்பது மெட்ரிக் 16, பிட்ச் 1.5. கடைக்காரர் கொடுத்தது விட்டம் 16.66, பிட்ச் 1.337. கண்ணுக்கு ரெட்டைப் பிறவி. முக்கியிருந்தா வால்வின் மரையே போயிருக்கும், அப்புறம் அந்தப் பதினோராயிரம் கிட்தான்.

சரி, ஒரு முனை மெட்ரிக்னு தெரிஞ்சது, மறுமுனையும் அதேதானே? அதான் இல்லை. மறுமுனை பி.எஸ்.பி. எவனோ ஒரு பழைய மெக்கானிக் அடாப்டர் மேல அடாப்டர் போட்டு டெப்லான் டேப் சுத்தி வெச்சிருந்தான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரலை. பத்து வருஷம் முன்னாடி அவனும் என்னை மாதிரித்தானே நடு வெயிலில் நின்னிருப்பான்.

முழங்கை படலம்

அடுத்த சனிக்கிழமை ரெண்டு முனையும் சரியா வந்தது. ஆனா ரெண்டு பக்கமும் முழங்கை மாதிரி வளைஞ்ச முனைகள். ஒரு முனை மேலே பார்த்தா இன்னொண்ணு எத்தனை டிகிரி திரும்பி நிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. கிரிம்ப் பண்ணின பிறகு அதைத் திருப்ப முடியாது. முறுக்கி மாட்டினா நட்டு தானே தளரும், இல்லை ஹோஸ் சீக்கிரம் கிழியும். நாங்க கொண்டு போன ஹோஸ் தொண்ணூறு டிகிரி தப்பா நின்னுச்சு. நீளமும் இழுத்துக் கட்டின மாதிரி. அழுத்தம் ஏறினா ஹோஸ் நூத்துக்கு நாலு வரை சுருங்கும்கிறது கூட அந்த வெயிலில் எனக்கு உறைக்கலை. அளவெடுக்கறப்ப நான்தான் சொதப்பினேன். ஒத்துக்கறேன்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கீழேயிருந்து குரல் வரும். "ஜால கா, சாஹேப்?" முடிஞ்சுதான்னு அர்த்தம். கடைசி நாலு நாள் லிஃப்டை விட்டுட்டு பின்பக்கப் படியில் ஏறிப் போனேன். இஞ்சினியராம் இஞ்சினியர்.

பதினாறாம் நாள் ஹோஸ் சரியா உட்கார்ந்தது. போன எண்ணெயை ஊத்தினோம். பல வண்டிகளைப் போல இதிலும் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். அதனால வெடிச்ச ஹோஸ் வழியா போனது கியர் பாக்ஸ் எண்ணெயும்தான். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி லீவரைத் தள்ளினதும் ஒரு நட்டுப் பக்கம் லேசா புகை மாதிரி தெரிஞ்சது. அண்ணன் மகன் எங்கே ஒழுகுதுன்னு விரலால் தடவிப் பார்க்கக் கையை நீட்டிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நிலத்துக்காரர் ஓடி வந்துட்டார்.

இதை மட்டும் தயவுசெய்து ஊரில் எல்லாருக்கும் சொல்லுங்க. ஊசி முனை ஓட்டை வழியா அந்த அழுத்தத்தில் வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியில் பார்த்தா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், வலி கூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகும். உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா விரலோ கையோ போகலாம். ஒழுகலை அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்கணும். நட்டைக் கழட்டும் முன் கலப்பையைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, லீவரை அப்படி இப்படி ஆட்டி அழுத்தத்தை விடணும். எண்ணெய் உள்ளே போச்சுன்னு சந்தேகம் வந்தாலே மஞ்சள் வெச்சுக் கட்டிட்டு உட்காராம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினோம். நின்னுச்சு. கலப்பை புரண்டது. காகா ரெண்டு ஏக்கர் ஓட்டினார். அதுக்குள்ள வானம் கறுத்துடுச்சு. அந்த வருஷம்தான் தெரியுமே, பருவமழை மே 26ஆம் தேதியே மும்பைக்கு வந்துடுச்சு. 1950க்கு அப்புறம் அவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை. கரிசல் நனைஞ்சா கலப்பை இறக்க முடியாது, களி மாதிரி ஒட்டும். மீதி ரெண்டு ஏக்கர் உழாம நின்னு போச்சு. வாடகை வண்டி கேட்டார், எல்லாருக்கும் அதே அவசரம், கிடைக்கலை. அந்த ரெண்டு ஏக்கரில் சோயா தாமதமாத்தான் விழுந்தது, பாதி களையோட. ஒரு வார்த்தை என்னைச் சொல்லலை மனுஷன். அதுதான் இன்னும் குத்துது.

இனி சண்டை

இவ்வளவும் எதனால? ஹோஸ் அரிய பொருளா? இல்லை. செய்யத் தெரிஞ்ச கடை இல்லையா? இருபது கிலோமீட்டருக்கு ஒண்ணு இருக்கு. காசு? கடைசியில் ஹோஸுக்கு ஆனது ஆயிரத்து முன்னூறு ரூபாய். இல்லாம போனது ஒண்ணே ஒண்ணு, விவரம். உள் விட்டம், நீளம், ரெண்டு முனை மரை, கூம்பு, முழங்கைத் திருப்பம், வேலை அழுத்தம். ஆறு வரி. ஒரு போஸ்ட் கார்டில் எழுதலாம்.

கம்பெனிக்காரங்க பதில் எனக்குத் தெரியும். ஒண்ணு, "பாதுகாப்பு. கண்டவன் ரிப்பேர் பண்ணினா ஆபத்து." ஐயா, ரிப்பேர் எப்படியும் நடக்கத்தான் போகுது, விதைப்பு உங்க மூணு வாரத்துக்குக் காத்திருக்காது. அழுத்தம் எவ்வளவுன்னு சொல்லாததால்தான் ஒத்தை வலை ஹோஸ் மாட்டறாங்க. பாதுகாப்பு முக்கியம்னா விவரத்தைக் கொடுங்க. ரெண்டு, "முப்பது வருஷப் பழசுக்கு ஸ்டாக் வெச்சிருக்க முடியாது." யார் ஸ்டாக் கேட்டா? ஒரு தாள் கேட்கறோம். மூணு, "தொழில் ரகசியம்." ரப்பர் பைப்பின் நீளமா ரகசியம்?

செய்ய முடியாததுன்னும் சொல்ல முடியாது. அதே டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்க. மூணு புள்ளி இணைப்பு உலகம் பூரா ஐ.எஸ்.ஓ. அளவு. பி.டி.ஓ. தண்டு, ஆறு பல், 540 சுற்று, அதுவும் அப்படித்தான். கலப்பை ஹோஸைச் செருகற கப்ளருக்குக் கூட ஐ.எஸ்.ஓ. 5675னு தரம் இருக்கு. அதனாலதான் 1994 வண்டியில் நேத்து வாங்கின கலப்பை மாட்ட முடியுது. ஏன்னா அங்கே பொருத்தம் இல்லைன்னா கலப்பை விக்காது. பானட்டுக்குள்ளே போனதும் ஆளுக்கொரு மரை, ஆளுக்கொரு கோணம். அங்கே பொருந்தாமை இருந்தாத்தான் கிட் விக்கும். இதைத் தற்செயல்னு சொன்னா நான் நம்பத் தயாரில்லை.

அரசாங்கம்? 2022 ஜூலையில் நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்குக் கமிட்டி போட்டது. எடுத்துக்கிட்ட நாலு துறையில் விவசாயக் கருவியும் ஒண்ணு. அந்த டிசம்பரிலேயே போர்ட்டலும் திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா போர்ட்டல் சட்டம் ஆகாது. கம்பெனி எதைப் போட இஷ்டப்படுதோ அதைப் படிக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திர ரிப்பேருக்குன்னே சட்டம் போட்டு 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அங்கே சண்டை சாஃப்ட்வேர் பூட்டுக்கு. இங்கே இன்னும் மரைக்கே விடியலை. கார் வெச்சிருக்கறவனுக்காக 2014இல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மேல், உதிரி பாகத்தை வெளியில் விடலைன்னு, 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அப்புறம் மேல்முறையீடு, அது வேற கதை. டிராக்டர்காரனுக்கு அந்தக் கதையாவது இருக்கா?

கம்பெனியே மூடினா இன்னும் மோசம். பிஞ்சோரில் எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை முடிவு பண்ணியது. ஆலையை மூடலாம். வயலில் ஓடிக்கிட்டிருக்கற வண்டியை யார் மூடறது? ஆலை மூடும் நாளில் அதன் வரைபடங்களைப் பொதுவில் வைக்கணும்னு ஒரு விதி போட என்ன செலவு?

கடைசியா, நாம

இவ்வளவு நேரம் அடுத்தவனைத் திட்டியாச்சு. இப்ப என் முறை. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு கம்பெனியில், டிராக்டர் இல்லை வேற இயந்திரம், ஒரு மீட்டிங். 'இந்த ஹோஸைத் தனியா விக்க வேண்டாம், அசெம்ப்ளியாகவே கொடுப்போம்'னு ஒரு வரி. மார்ஜின் நல்லா வரும்னாங்க. டிராயிங்கில் அந்தக் குறிப்பைப் போட்டுக் கையெழுத்து வெச்சவன் நான். சமோசா சாப்பிட்டுட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போயிட்டோம். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு காகா அந்தக் கையெழுத்துக்கு விலை கொடுத்திருப்பார். இதைப் படிக்கிற டிசைன், சர்வீஸ், பர்ச்சேஸ் ஆட்களே, அந்த வரி நம்ம டேபிளைத் தாண்டித்தான் போகுது.

இன்னொண்ணு. 2011இல் எங்க ஊரில், உடுமலை பக்கம், அப்பாவோட வண்டியும் இதே மாதிரி நின்னுச்சு. நான் புனேயிலிருந்து போனில், "பழைய இரும்பைக் கட்டிட்டு அழாதீங்கப்பா, வித்துட்டு புதுசு எடுங்க, நான் பணம் அனுப்பறேன்"னேன். அப்பா, "ஹோஸுதான் போயிருக்குது சாமி, வண்டி நல்லாத்தான் இருக்குது"ன்னார். நான் கேட்கலை. இரும்பு விலைக்குப் போச்சு. புது வண்டிக் கடன் ஆறு வருஷம் ஓடுச்சு. அப்பா இப்ப இல்லை. ஹோஸை நானே கையில் பிடிச்ச அன்னிக்குத்தான் அவர் சொன்னதன் அர்த்தம் விளங்கிச்சு. வண்டி நல்லாத்தான் இருந்தது.

நாம கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு ஹோஸின் விவரமும், நின்னு போன மாடல்களுக்கும் சேர்த்து, எல்லாரும் பார்க்கிற இடத்தில்.
2. ரப்பரில் அச்சு அழியும். முனை இரும்பில் மரையும் அழுத்தமும் பொறிக்கணும்.
3. ஹோஸைக் கிட் இல்லாம தனியா விக்கணும்.
4. உற்பத்தி நின்னா வரைபடம் வெளியே வரணும்.

அது வரும் வரைக்கும், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு வெர்னியரும் ஒரு மரை கேஜும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டும் சேர்ந்து நீங்க மால்ல ஒரு நாள் சாப்பிடற காசுதான். வண்டியில் இருக்கிற ஒவ்வொரு ஹோஸையும், வெடிக்கறதுக்கு முன்னாடி, அளந்து போட்டோ பிடிச்சு ஒரு நோட்டில் எழுதி வெச்சுட்டு வாங்க. அச்சு அழியாம இருந்தா அதையும் குறிச்சுக்கோங்க. காகா வண்டிக்கு எழுதிட்டேன். மொத்தம் ஏழு ஹோஸ், நாலு பக்கம். நோட்டை அவர் ரேஷன் கார்டோட வெச்சிருக்கார்.

டிஸ்கி: இதில் எந்தக் கம்பெனியையும் பேர் சொல்லித் திட்டலை. உங்க கம்பெனின்னு தோணினா ரொம்ப சந்தோஷம், அந்த ஆறு வரியைக் கொடுத்துடுங்க.